ஒன்றரைப் படி வெயில்

செம்பாளூர் மேலத்தெருவில், மாசிலாமணி வீட்டு அரிசி டிரம்மில், முதன்முதலாக வெயில் கிடந்தது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையன்று. உலைக்கு அரிசி எடுக்கப் போன அவர் மனைவி சிங்காரவல்லி மூடியைத் திறந்தபோது, சாயங்காலம் நாலு மணிக்கு விழுகிற மஞ்சள் வெயில், பக்கத்தில் ஜன்னலும் இல்லாமல் கூரையில் ஓட்டையும் இல்லாமல், அரிசிக்கு மேலே சும்மா கிடந்தது. டிரம்மில் கிடப்பது எதுவானாலும் அளந்துதான் எடுக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் இருபத்தைந்து வருஷப் பழக்கம். அதனால் படியை விட்டு அளந்தாள், ஒன்றரைப் படி இருந்தது. அதைப் பித்தளைச் சட்டியில் தட்டி அலமாரி மேல் வைத்துவிட்டு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் புருஷனிடம் சொன்னாள். அவர் சட்டியை இறக்கி, கையை விட்டுப் பார்த்தார். சுடவில்லை, ஆறின பால் அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டி வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றச் சொன்னார்.

பெட்டி என்றால் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டி. மின்சார மீட்டருக்குக் கீழே மாட்டினால், அந்த வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் தண்ணீர் மோட்டாரும் அதுவரை தின்ற கரண்டில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தின்னும். அதைச் செய்தவள் அறந்தாங்கியில் பழைய கயிற்றுக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்த கோமளவல்லி. அவள் கம்பெனியில் பாதிக்கு மேல் பணம் போட்டிருந்தவர் மாசிலாமணி. மீதியைப் போட்டது ஊர், அதுவும் தாங்கள் பணம் போட்டிருக்கிறோம் என்று தெரியாமலே.

மாசிலாமணி சிங்கப்பூரில் நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். யாரும் இல்லாத அறைகளில் எரிகிற விளக்கையும் ஓடுகிற ஏசியையும் பார்த்துப் பார்த்து, வீணாகிற கரண்டைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். ஏழு தடவை ஊருக்கு வந்தார், ஏழு தடவையும் விருந்தாளியாக வந்து, சாக்லேட் கொடுத்து, கோழி தின்று, போய்ச் சேர்ந்தார். கடைசியாக ஒரு தை மாதம் இனிப் போவதில்லை என்று வந்தபோது, அவர் முதல் விமானம் ஏறின வருஷம் வயிற்றில் இருந்த மகள் மலர்க்கொடி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அவருக்குக் காப்பியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள், "சீனி போதுமாங்க" என்று கேட்பாள், அவர் வாயைத் திறப்பதற்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அம்மாவிடம் மட்டும் சட்டி உருளச் சண்டை போடுவாள். தன்னிடமும் அவள் ஒரு நாள் அப்படிச் சண்டை போட்டுவிட்டால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அதற்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும், இருக்க வேண்டுமானால் கையில் இருக்கிற பணம் கரையாமல் இருக்க வேண்டும். கரையட்டும் என்று தஞ்சாவூர் ஏஜெண்ட் சிங்கப்பூருக்கு இன்னொரு இரண்டு வருஷ ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

அந்தப் பணத்தை என்ன செய்வது என்பதில் ஊருக்கு ஆளுக்கொரு யோசனை இருந்தது. மனை வாங்கு என்றார்கள், மண்டபம் கட்டு என்றார்கள், புயலில் போன தென்னைக்குப் பதில் புதுக்கன்று வை என்றார்கள். மாசிலாமணி யார் பேச்சையும் தட்டவில்லை, கேட்கவும் இல்லை. வீட்டுக் கரண்டை மிச்சம் பிடிக்கிற பொருள் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளாகத் தேடித் தேடிப் பஸ் ஏறினார். போகிற இடமெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இதில் உங்களுக்கு எது தெரியாது? திருச்சியில் ஃபேன் செய்கிறவர் எல்லாம் தெரியும் என்றார். கரூரில் குக்கர் செய்கிறவர் அதை விடக் கூடுதலாகத் தெரியும் என்றார், ஆனால் குக்கரைத் திறந்து காட்ட மாட்டேன் என்றார். கோமளவல்லி மட்டும் பெட்டியின் நாலு திருகையும் கழற்றி, மூடியை எடுத்து, உள்ளே ஓரமாக இருந்த செம்புக் கம்பிச் சுருளைத் தொட்டுக் காட்டினாள்.

"இது என்ன செய்யுதுன்னு எனக்கே முழுசாத் தெரியலண்ணே. இத எடுத்துட்டாலும் அதே அளவுதான் மிச்சமாகுது. ஆனா எடுக்க மனசு வரல."

மாசிலாமணி அன்றைக்கே பணத்தைக் கொடுத்தார்.

அவர் பணம் கொட்டகைக்கும் மெஷினுக்குமே சரியாகப் போனது. முன்னூறு பெட்டிக்குச் செம்பும் தகரமும் வாங்க வழியில்லை. பேங்க் மூன்று வருஷக் கணக்குக் கேட்டது, கம்பெனிக்கு வயது எட்டு மாதம். அப்போதுதான் அவர் தன் மொய் விருந்தைப் போட்டார். அந்தப் பக்கத்து ஊர்களில் ஆடி, ஆவணியில் அப்படி ஒரு நடைமுறை உண்டு. கல்யாணம், காதுகுத்து என்று எந்தக் காரணமும் வேண்டாம். பணம் தேவைப்படுகிறவர் ஆட்டுக்கறி ஆக்கி ஊரைக் கூப்பிடுவார், ஊர் தின்றுவிட்டு மொய் எழுதும், எழுதினவர் தன் விருந்தைப் போடும்போது இவர் அதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வார். ஒருவருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு விருந்துதான். மாசிலாமணி வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த முதல் விருந்தைக் கோமளவல்லியின் பெட்டிக்காகப் போட்டார். பதினோரு ஆடு விழுந்தது. சாப்பிட்டவர்களுக்கு அவர் மைக்கில் தெளிவாகத்தான் சொன்னார்: இது மொய் இல்லை, கம்பெனியில் பங்கு, லாபம் வந்தால் உங்களுக்கு, நட்டம் வந்தாலும் உங்களுக்கு. கோமளவல்லி பங்குச் சீட்டெல்லாம் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தாள். ஜனங்கள் வெற்றிலை மென்றுகொண்டே தலையாட்டினார்கள், சீட்டை நாலாக மடித்தார்கள், வீட்டுக்குப் போய் மொய் நோட்டில் வைத்து, பக்கத்திலேயே "மாசிலாமணிக்குச் செய்த மொய்" என்று எழுதி மூடினார்கள்.

தாங்கள் மொய் செய்த ஆளின் பெட்டி என்பதால் எல்லோரும் மரியாதைக்கு ஒன்று வாங்கி மாட்டினார்கள். இப்படியாகத் தையில் முன்னூறு வீட்டில் பெட்டி ஏறியது, மாசியில் வெயில் வந்தது.

சிங்காரவல்லி வீட்டு டிரம்மில் வந்த மறுநாள் காத்தமுத்து வீட்டுக் குதிருக்குள் வந்தது. அதற்கும் மறுநாள் தையற்கடை லூர்துமேரியின் மெஷின் டிராயரில் வந்தது. கட்டிலுக்கு அடியில், ஆட்டுரல் குழியில், பள்ளிக்கூடப் பையில், இட்லிக் கொப்பரையில் என்று எந்த வீட்டில் எவ்வளவு கரண்ட் மிச்சமானதோ அந்த வீட்டில் அவ்வளவு வெயில், யாரும் உட்காராத மூலை பார்த்துச் சேர்ந்தது. ஐந்தாறு நாள் அதைப் பற்றிப் பேசினார்கள். ஏழாம் நாள், வந்த பொருளை வீணாக்காமல் என்ன செய்வது என்ற பேச்சு வந்துவிட்டது. மாசிப் பனியில் காயாமல் புளித்துக்கொண்டிருந்த வடகத்தை உள்ளறையிலேயே காய வைத்தார்கள். தாய்க்கோழி செத்துப்போன குஞ்சுகளைக் கூடைக்குள் விட்டு அரைப்படி வெயிலைத் தூவினார்கள். கை கால் விளங்காமல் மூன்று வருஷமாகப் படுத்திருந்த வாத்தியாரின் தலையணைக்குப் பக்கத்தில் தினம் ஒரு ஆழாக்கு வைத்தார்கள். அவருக்கு வியாதி ஒன்றும் குணமாகவில்லை, ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டது என்று அழுவதை நிறுத்தினார்.

இதில் கெட்டிக்காரத்தனம் பண்ணப் போனவர்களும் உண்டு. நிறைய வெயில் சேர்க்கலாம் என்று ஒருத்தர் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுக் குடும்பத்தை எட்டு நாள் இருட்டில் உட்கார வைத்தார், அவர் வீட்டில் கொசுதான் சேர்ந்தது. உபயோகித்து மிச்சம் பிடிப்பதுதான் மிச்சம், உபயோகிக்காமலே கிடப்பதைப் பெட்டி கணக்கில் எடுக்கவில்லை. இன்னொருத்தர் சந்தையில் படி நூறு ரூபாய் என்று கூவி விற்றார். வாங்கினவர்கள் வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் பையில் பைதான் இருந்தது. பணத்துக்குக் கைமாறினால் வெயில் நிற்கவில்லை, சும்மா கொடுத்தால் பதினைந்து நாளுக்கு அழியாமல் நின்றது. மீட்டர் பார்க்க வந்தவர் ரீடிங் குறைந்திருப்பதைப் பார்த்து நாலு வீட்டில் கரண்ட் திருடுகிற கொக்கி தேடினார். ஐந்தாவது வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, பெண்சாதிக்கு மூட்டுவலி என்று சொல்லி, ஹெல்மெட் நிறைய வெயிலை வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு மாதம் தவறாமல் ரெண்டு ஹெல்மெட்டோடு வந்தார்.

பங்குனியில் லூர்துமேரியின் தங்கை மகளுக்கு மன்னார்குடியில் கல்யாணம். அவள் போகிறபோது கையில் காசு இல்லாமல், எவர்சில்வர் தூக்கில் ரெண்டு படி வெயிலை எடுத்துப்போய் மொய்ப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சுற்றுவட்டம் முழுக்க மொய் எழுதுகிறவர் பஞ்சநாதன்தான். நாற்பது வருஷமாக எழுதுகிறார். பசுங்கன்றை எழுதியிருக்கிறார், தேக்குக் கட்டையை எழுதியிருக்கிறார். அவர் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: தலைதட்டி அளந்ததா, கூம்பாக அளந்ததா? கூம்பாக என்று லூர்துமேரி சொன்னாள். "செம்பாளூர் லூர்துமேரி, வெயில், கூம்புப் படி ரெண்டு" என்று எழுதி, மைக்கிலும் வாசித்தார். மணமேடையில் அதைக் கொட்டினார்கள். மழை மூட்டத்தில் கறுத்துக் கிடந்த பந்தலில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் நல்ல வெயிலில் நின்றார்கள். ஃபோட்டோ பிடிக்கிறவர் தன் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து பாயசம் குடித்தார்.

ஒருத்தி செய்துவிட்டால் மற்றவர்களால் சும்மா இருக்க முடியுமா? காதுகுத்துக்கு, வளைகாப்புக்கு, புதுமனைக்கு, கருமாதிக்குக் கூட வெயில் போக ஆரம்பித்தது. உள்ளூரில் வாங்கினவர்கள் வாங்கினதோடு அரைப்படி கூட்டித் திருப்ப வேண்டியிருந்ததால், ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் வீட்டில் கலவரம் நடந்தது. பத்து வருஷம் சுவிட்ச் பக்கம் கையே கொண்டுபோகாத ஆம்பிளைகள் பாயிலிருந்து எழுந்து போய் விளக்கை அணைத்தார்கள். மாசிலாமணி தெருவில் நடக்கும்போது இதையெல்லாம் பார்த்துக்கொண்டு போவார். நாற்பது மாடியில் யாரும் கேட்காத பேச்சை ஒரு ஊரே கேட்கிறது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

நெஞ்சு நிறைந்ததே தவிரக் கம்பெனி நிறையவில்லை. ஊரில் இருந்த வீடுகளுக்கெல்லாம் பெட்டி மாட்டியாகிவிட்டது. பெட்டி கெட்டுப்போவதும் இல்லை. பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைக் கடைகளில் கோமளவல்லி கொண்டுபோய் வைத்த நூறு பெட்டியில் நாலு விற்றது. வெயில் வரும் என்று சொன்னால் ஜனங்கள் சிரிக்கிறார்கள், வராது என்று சொன்னால் அப்புறம் எதற்கு என்கிறார்கள் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். சித்திரையில் வேலைக்கு இருந்த மூன்று பெண்களில் ஒருத்தியை நிறுத்தினார்கள், வைகாசியில் இன்னொருத்தியை. ஆனியில் மாசிலாமணி கையிருப்பு கொட்டகை வாடகையாகப் போய்க்கொண்டிருந்தது. ஏஜெண்ட் போன் பண்ணி, ஆவணி இருபதுக்குள் பதில் சொல்லாவிட்டால் இந்த வயதில் வேறு இடம் கிடைக்காது என்றான்.

ஆடி பிறந்த வாரம் சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர் காரில் வந்து இறங்கினார். பெயர் ஸ்ரீவத்சன், சின்ன வயது, மரியாதையான பிள்ளை. கொட்டகையில் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பேசினார். பெட்டி மிச்சம் பிடிப்பதை அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், நல்ல பெட்டி, கம்பெனியை முழுசாக வாங்கிக்கொள்கிறோம் என்றார். அவர் சொன்ன தொகையில் மாசிலாமணி போட்டது இரண்டு மடங்காகத் திரும்பும், ஊர்க்காரர்கள் போட்டதும் அப்படியே. ஒரே ஒரு நிபந்தனை, வெயில் வரக் கூடாது. அவர்கள் சோதனை பார்த்த வீட்டில் பீரோவுக்குள் வெயில் சேர்ந்து மூன்று பட்டுப்புடவை மடிப்பில் வெளுத்துவிட்டதாம்.

"காரணம் சொல்ல முடியாத ஒண்ண நாங்க கேரண்டி கார்டுல எழுத முடியாது சார்" என்றார் அவர். செம்புச் சுருளை எடுத்துவிட்டுப் பார்த்ததில் மிச்சம் குறையவில்லை, வெயில் மட்டும் நின்றுவிட்டது, அதனால் மாட்டியிருக்கிற பெட்டிகளையும் திறந்து அதை எடுத்துவிட வேண்டும் என்றார்.

கோமளவல்லி, சுருளை எடுக்க அரை நிமிஷம் போதும், ஆனால் எடுக்கலாமா என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டாள். மாசிலாமணி அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கக் கொல்லையில் நடந்தார். வெயில் போனால் என்ன, அது இல்லாமலும் ஊர் இருந்ததுதானே? மகள் படிப்பு முடிய ஒரு வருஷம் இருக்கிறது, அப்புறம் வேலை, கல்யாணம், அவளும் போய்விடுவாள். மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்ச நாளையும் கட்டடத்தின் முப்பத்தேழாவது மாடியில் ஸ்டூல் போட்டு ஏறிக் கழிக்க அவரால் ஆகாது. விற்றுவிடுவது என்று முடிவுக்கு வந்தார். மறுநாள் காலையிலேயே, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நல்ல சேதி சொல்லுகிற ஆளின் நடையில், மொய் செய்தவர்கள் வீட்டுக்கெல்லாம் கிளம்பினார். போட்ட பணம் இரட்டிப்பாக அடுத்த மாதமே வீடு தேடி வரும் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம்.

முதல் வீடு காத்தமுத்து வீடு, சிங்காரவல்லியின் தம்பி. மாடு கறந்துகொண்டிருந்தவன் சேதியைக் கேட்டதும் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். முகம் செத்துப்போயிற்று.

"நான் என்ன கொறை வச்சேன் மச்சான்? நான் இன்னும் விருந்தே போடலயே. விருந்து போடாதவனுக்கு மொய்யத் திருப்பிக் குடுத்தா, ஒனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல, முடிஞ்சு போச்சுன்னுதான அர்த்தம்?"

மாசிலாமணி அது மொய் இல்லை, பங்கு என்று விளக்கினார். காத்தமுத்து நோட்டை எடுத்துவந்து காட்டினான், மொய் என்றுதான் எழுதியிருந்தது. இரண்டாவது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். நாலாவது வீட்டில் லூர்துமேரி அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வேறொன்றைக் கேட்டாள். அவள் ஒன்பது வீட்டில் வெயில் வாங்கியிருக்கிறாள், பதினேழு படி திருப்ப வேண்டும், இன்றைக்குச் சுருளைக் கழற்றிவிட்டால் நாளைக்கு அந்த ஒன்பது வீட்டு வாசலில் அவள் எந்த முகத்தோடு போய் நிற்பாள்? மாசிலாமணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வெள்ளைச் சட்டை வியர்த்து ஒட்ட, அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் ஊரில் இல்லாத இருபத்திரண்டு வருஷத்தில் ஊர் என்னவாக இருந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று என்று தோன்றியது.

வீட்டில் சிங்காரவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார், விற்றால் வீட்டில் இருக்கலாம், விற்காவிட்டால் ஆவணி இருபதுக்கு மேல் விமானம் ஏற வேண்டும் என்றார்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வித்துப்புட்டு இருந்தா எந்த வீட்டுப் படியும் மிதிக்க முடியாது. அப்படி இருக்குறது இருக்குறதுல சேத்தியா?"

அந்த வாரக் கடைசியில் மாசிலாமணி ஸ்ரீவத்சனுக்குப் போன் பண்ணி முடியாது என்று சொன்னார்.  போனை வைத்துவிட்டு ஏஜெண்டுக்கு அனுப்பப் பாஸ்போர்ட்டை நகல் எடுக்கப் போனார். ஊருக்குச் சேதி தெரிந்து கதவுகள் திறந்தன, காத்தமுத்து பால் கொடுத்தனுப்பினான். ஆனால் யாரிடமும் அவரை நிறுத்திவைக்க வழி இல்லை. ஒருவருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு விருந்துதான், அவருடையது முடிந்துபோனது.

வழி பஞ்சநாதன் நோட்டில் இருந்தது, அதைக் கண்டுபிடித்தவள் மலர்க்கொடி. அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அம்மாவோடு ஒரு மொய் விருந்துக்குப் போன இடத்தில், பஞ்சநாதன் பழைய வெயில் மொய்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பங்குனியிலிருந்து வெயில் வாங்கினவர்களில் பாதிப்பேர் வெளியூர். மன்னார்குடி, தேவகோட்டை, திருப்பூர், காரைக்கால் என்று கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்களுடைய மாமியார் வீடுகள், மாமியார் வீட்டுச் சம்பந்தி வீடுகள். வாங்கினால் கூட்டித் திருப்ப வேண்டும், இந்தப் பழக்கம் மன்னார்குடியிலும் உண்டுதானே? திருப்ப வேண்டுமானால் வெயில் வேண்டும், வெயில் கடையில் விற்காது, அதற்குப் பெட்டி வேண்டும். இப்படி ஒரு பெட்டி இருப்பதையே அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இதை அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா, ஒங்கப்பாகிட்டப் போய்ச் சொல்லு என்றாள். மலர்க்கொடி கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றாள், பிறகு போய்ச் சொன்னாள்.

நாலு நாள் அப்பனும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். மொய் விருந்துப் பத்திரிகை மாதிரியே மஞ்சள் தாள், மேலே பிள்ளையார் சுழி, கீழே யார் யாருக்கு எத்தனை படி செய்தார் என்ற விவரம், அதற்கும் கீழே கோமளவல்லியின் கொட்டகை விலாசம். மாசிலாமணி விலாசத்தை வாசிப்பார், ஒவ்வொரு பெயருக்கும் யார் இது என்று கேட்பார். மலர்க்கொடி சொல்லுவாள். இது அம்மாவோட பெரியம்மா பொண்ணு, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வந்து எட்டு நாள் இருந்தவங்க. இது சைக்கிள் கத்துக் குடுத்த அண்ணன். இது தண்ணிக்குழாய்ச் சண்டையில பேசாம இருந்து, போன தீபாவளிக்குப் பேசினவங்க. இருநூற்றுப் பதினாறு பெயர் சொன்னாள். அவர் சொந்தக்காரர்களை எல்லாம் அவளிடமிருந்து புதுசாகத் தெரிந்துகொண்டார். அந்த நாலு நாளில் அவள் அவரிடம் ஒரு தடவை கூடச் சீனி போதுமா என்று கேட்கவில்லை, கேட்க அவளுக்கு நினைப்பு இல்லை.

கடிதம் கண்டவர்களுக்குக் கோபம் வந்ததாம், நாங்கள் திருப்ப மாட்டோம் என்று நினைத்தீர்களா என்று. கோபத்தோடு கோபமாக முன்பணம் அனுப்பினார்கள். ஆடிக் கடைசியில் பதினெட்டு பெட்டிக்கு வந்தது, ஆவணி பத்தில் எழுபதைத் தாண்டியது. மன்னார்குடிச் சம்பந்திகள் தங்கள் வெயிலைத் திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் செய்துவிட, அங்கிருந்தும் விலாசம் கேட்டு ஆள் வந்தது. கோமளவல்லி நிறுத்தின இரண்டு பெண்களையும் திரும்பக் கூப்பிட்டாள். கம்பெனி பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது, சாகவில்லை என்று மட்டும் சொல்லலாம். வாடகைக்கும் சம்பளத்துக்கும் போக மாசிலாமணி பங்குக்கு மாதம் வரக்கூடியது, சிங்கப்பூரில் அவர் வாங்கினதில் நாலில் ஒரு பாகம் இருக்கும். அதை வைத்து மகளைக் கரையேற்ற முடியுமா என்று அவருக்குத் தெரியவில்லை. நாலில் ஒரு பாகத்துக்காக நிற்பது பொறுப்பில்லாத்தனமாகவும் பட்டது. அவர் யாரிடமும் இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. சிங்காரவல்லி அவர் சட்டைகளைத் துவைத்து அடுக்கிவைத்தாள், எதற்கென்று கேட்டால் அழுக்கு என்றாள்.

ஆவணி இருபதாம் தேதி பகல் ஆலடிக்காட்டில் ஒரு மொய் விருந்து. அவர் விருந்துக்கு வந்து செய்தவர்களில் ஒருவர் போடுவது, கட்டாயம் திருப்ப வேண்டும். சிங்காரவல்லிக்குக் காய்ச்சல் என்பதால் மலர்க்கொடி தூக்கோடு கூட வந்தாள். பஸ்ஸில் வரும்போதே ஏஜெண்ட் இரண்டு தடவை கூப்பிட்டான், அவர் எடுக்கவில்லை. பதில் சொல்லச் சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம் இருந்தது.

மொய்ப் பலகையில் பஞ்சநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொய் எழுதுவதில் ஊர் பேர் முதலில் வரும், ஆள் பேர் பிறகு. ஒரு தடவை ஏறின பேரை எழுத்தர் தானாக மாற்ற மாட்டார், மாற்றினால் பழைய கணக்குத் தேட முடியாது. இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ விருந்துக்குச் சிங்காரவல்லி தனியாகப் போய்ப் புருஷன் பேரில் செய்திருக்கிறாள், அந்தப் பேர் மைக்கில் வாசிக்கப்படுவதை அவர் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. பஞ்சநாதன் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்து, அதைப் பார்த்தே எழுத ஆரம்பித்தார்.

"சிங்கப்பூர் மாசிலாமணி" என்று வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதினார்.

 மாசிலாமணிக்கு அது தப்பாகத் தெரியவில்லை. பையில் போன் மறுபடி அடித்தது, எடுப்பதற்குக் கையை விட்டார். மலர்க்கொடி தூக்கைப் பலகை மேல் டொக்கென்று வைத்தாள்.

"சிங்கப்பூர அடிச்சுட்டு எழுதுங்க. செம்பாளூர்" என்றாள்.

"நோட்டுல அப்படித்தானம்மா இருக்கு" என்றார் பஞ்சநாதன். மாற்றினால் மாற்றினதுதான், நாளைக்குப் போய்விட்டு வந்து பழையபடி எழுது என்றால் முடியாது என்று அவர் மாசிலாமணியைப் பார்த்தார்.

"அவர எதுக்குப் பாக்குறீங்க?" மலர்க்கொடியின் குரல் உயர்ந்து, வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "அவருக்கு என்ன தெரியும்? கேட்டா போறதுக்கும் தலையாட்டுவாரு, இருக்குறதுக்கும் தலையாட்டுவாரு. எங்க அப்பா செம்பாளூர்லதான் இருப்பாரு. அடிங்கங்குறேன்ல."

பஞ்சநாதன் அடித்தார். மேலே செம்பாளூர் என்று எழுதினார், பிறகு அதை மைக்கில் வாசித்தார். பந்தலில் யாரும் கவனிக்கவில்லை, கறி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பையில் போன் அடித்து ஓய்ந்தது. மாசிலாமணி பந்தியில் போய் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார். மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாத்துக்கும் வாய மூடிக்கிட்டு நின்னா எப்படி என்று அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.